மன்னிப்புக் கேட்ட குற்றம்

திருவிழாவுக்குக் கட்டிய கொடிகள் மழையில் ஊறிக் கயிற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. தேரைக்கூடத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். திருவிழாவுக்கென்று கொழும்பிலிருந்து வந்த கிஷாந்த் மட்டும் இன்னும் வீடு திரும்பவில்லை.

தேர் சுற்றிய அன்று ஒலிபெருக்கியில் எந்தப் பாட்டைப் போடுவது என்று அவனுக்கும், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் முத்துலிங்கத்துக்கும் வாய்த்தகராறு. ஊரே வேடிக்கை பார்த்தது. வாய் முற்றிக் கைகலப்பாகும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இருட்டில் யாரோ விறகுக்கட்டையால் முத்துலிங்கத்தின் தலையில் போட்டார்கள். வெளிச்சம் வந்தபோது மனுஷன் ரத்தத்தில் கிடந்தார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் சொன்ன ஒரே பெயர் கிஷாந்த். பொலிஸ் வந்தது, அவனைக் கூட்டிக்கொண்டு போனது, முதல் தவணையிலேயே பிணை இல்லாமல் விளக்கமறியல் சிறை என்று ஆகிவிட்டது.

இன்று கோர்ட்டில் இரண்டாவது தவணை. அவனுடைய அம்மா ஜீவராணி காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் சொல்லிவிட்டு வந்து, அடுப்பை மூட்டி, மகனுக்குப் பிடிக்குமென்று கருவாட்டுக் குழம்பு வைத்து மூடினாள். இரவுச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே குழம்பு.

"இப்பவே எதுக்கும்மா கொழம்பு? பெயில் கெடைக்குமோ என்னமோ" என்றாள் மகள் தனுஷிகா. தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர் வேலை பார்க்கிற பெண். எதையும் இரண்டு தரம் யோசித்துத்தான் பேசுவாள்.

"கெடைக்கும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு ஜீவராணி தலையைப் பின்னிக்கொள்ளத் திரும்பிவிட்டாள். பெத்த மனம் பித்து என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

அது பித்து இல்லை. ஜீவராணி ஒரு காரியம் செய்துவிட்டு அதைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தாள். மகனை வீட்டுக்குக் கூட்டிவந்து முன்னால் நிறுத்திய பிறகுதான் மகளிடம் சொல்வது என்று இருந்தாள்.

முத்துலிங்கம் தலையில் தையலோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். நேற்றுச் சாயங்காலம் தனுஷிகா முன்பள்ளிக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, ஜீவராணி முகம் கழுவி, தோய்த்த சேலை உடுத்தி, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்புக் கோழிக்கூட்டுப் பழமும் நோயாளிக்கென்று ஒரு டின் சத்துமாவும் வைத்து எடுத்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போனாள். தோட்டத்தில் அடிதடி வந்தால் தீர்க்கிற முறை அதுதான். தப்புச் செய்தவன் வீட்டுப் பெரியவர் தட்டோடு போய் நிற்க வேண்டும். அடிபட்டவர் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துவிட்டால் பகை முடிந்தது. எடுக்காவிட்டால் இன்னொரு நாள் போக வேண்டும். அவளுடைய புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் இப்படி எத்தனையோ வீட்டுக்கு அவரே முன்னால் நின்று கூட்டிப்போயிருக்கிறார். இப்போது அவர் இல்லை, அவள்தான் பெரியவர்.

"தம்பி, சின்னப்பய தெரியாம செஞ்சிட்டான். என் மூஞ்சிக்காக மன்னிச்சிருங்க. அந்தக் கேச மட்டும் எடுத்துருங்க" என்று முத்துலிங்கத்தின் காலில் விழுந்தாள். அவருடைய மனைவி மீனம்மா ஓடிவந்து, "என்னக்கா இது, எந்திரிங்கக்கா" என்று தூக்கிவிட்டு அழுதாள். கடைசியில் முத்துலிங்கம் ஒரு வெற்றிலையை எடுத்தார். அவருடைய தம்பி பிரதாப் மட்டும் வாசலில் போனை நோண்டிக்கொண்டு நின்றான். அவன் எப்போதும் அப்படித்தான், அவனை யார் கண்டுகொண்டார்கள்?

வெற்றிலையை எடுத்துவிட்டார். அதன் பிறகு கோர்ட்டில் என்ன இருக்கிறது, சும்மா ஒரு கையெழுத்து. அந்தத் தைரியத்தில்தான் அவள் காலையிலேயே குழம்பை இறக்கினாள்.

ஹட்டன் பஸ்ஸில் தாயும் மகளும் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருந்தது. கோர்ட்டு வாசலில் மர்சூக் நானா ஏற்கனவே வந்து காத்திருந்தார். தோட்டத்துக்குப் பக்கத்து டவுனில் சில்லறைக் கடை வைத்திருப்பவர், கிஷாந்தைக் கொழும்புக் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். கிராம சேவகரின் கடிதத்தோடு ஒரு பிணையாளியாக நிற்க வந்திருந்தார். இன்னொரு பிணையாளி ஜீவராணியே. யாரோ பெற்ற பிள்ளைக்கு அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்ததை நினைத்து அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

கிஷாந்துக்காக வாதாடும் லோயர் பிரேமினிக்குச் சின்ன வயதுதான், ஆனால் பேச்சில் ஒரு தெளிவு இருந்தது. மூன்று பேரையும் மழைக்கு ஒதுங்கிய கூரையடியில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கும் என்று விளக்கினாள். இன்றைக்கு நீதவான் கிஷாந்த் அடித்தானா இல்லையா என்று பார்க்கப்போவதில்லை, அது வழக்கு விசாரணையில் வருகிற விஷயம் என்றாள். ஜீவராணிக்கு இது விளங்கவில்லை. அடித்தானா என்று பார்க்காமல் ஒருத்தனை எப்படி உள்ளே வைப்பது, எப்படி வெளியே விடுவது?

"பெயில் குடுக்கிறதுதாம்மா சட்டத்துல வழமை. குடுக்காம இருக்கத்தான் காரணம் வேணும்" என்றாள் பிரேமினி. "வெளிய விட்டா ஓடிப்போவானா, கூப்பிட்ட தவணைக்கு வருவானா, திரும்பவும் சண்டைக்குப் போவானா, ஊருல கலவரம் வருமா, சாட்சிக்காரங்கள மிரட்டியோ ஆசை காட்டியோ மாத்தப் பாப்பாங்களா. இதத்தான் பாப்பாங்க."

பொலிஸ் எதைப் பிடித்துக்கொள்ளும் என்றும் அவள் கணித்து வைத்திருந்தாள். கிஷாந்த் கட்டாருக்குப் போவதற்குப் பாஸ்போர்ட் எடுத்திருந்தான். ஓடிவிடுவான் என்பார்கள். அதனால் பாஸ்போர்ட்டைக் கோர்ட்டிலேயே ஒப்படைக்கக் கையோடு கொண்டுவந்திருந்தாள். முத்துலிங்கத்துக்கு உயிராபத்து இல்லை என்ற டாக்டரின் அறிக்கையும் வந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை என்றாள்.

சாட்சிக்காரர் பேச்சு வந்தபோது ஜீவராணி மகளின் முகத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்தாள். நாங்கள் யாரையும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை, மன்னிப்புத்தானே கேட்டோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மன்னிப்பு அந்தக் கணக்கில் வராது என்றே நம்பினாள்.

கோர்ட்டுக்குப் போகிறவர்கள் முதலில் பழகிக்கொள்வது காத்திருப்பதைத்தான். யார் யாருடைய வழக்கோ வந்து போனது. கள்ளச்சாராயக் கசிப்புக் கேஸ், வேலி கேஸ், புருஷன் பொண்டாட்டி கேஸ். கடைசியில் கிஷாந்தின் பெயர் வந்தது. கூண்டில் ஏறி நின்ற பிள்ளை இளைத்திருந்தான், தாடி முளைத்திருந்தது. அம்மாவைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஜீவராணிக்கு அழுகை வந்துவிட்டது.

பிரேமினி எழுந்து சிங்களத்தில் பேசினாள். ஜீவராணிக்குக் கடைச் சிங்களம் தெரியும், கோர்ட்டுச் சிங்களம் தெரியாது. பாஸ்போர்ட் மேசைக்குப் போனதைப் பார்த்தாள். டாக்டரின் கடதாசி போனதைப் பார்த்தாள். நீதவான் தலையசைத்ததையும் பார்த்தாள். மர்சூக் நானாவை முன்னால் கூப்பிட்டு என்ன தொழில், எங்கே வீடு என்று கேட்டு அனுப்பினார்கள். எல்லாம் தண்ணீர் ஓடுகிற மாதிரி நல்லபடியாகப் போனது.

அப்போதுதான் பொலிஸ் அதிகாரி எழுந்தார். கையில் புதிதாக ஒரு தாள் இருந்தது, கூடவே போனில் எடுத்த ஒரு போட்டோ. அவர் பேசப் பேசப் பிரேமினி மெதுவாகத் திரும்பி ஜீவராணியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது பிணையாளியைக் கூப்பிட்டார்கள். ஜீவராணி போய் நின்றாள். நீதவான் கேட்டதைக் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"நேத்து நீங்க முறைப்பாட்டுக்காரர் முத்துலிங்கம் வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேங்க ஐயா."

"என்ன கொண்டு போனீங்க?"

அவள் வெற்றிலை, பழம், சத்துமா என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பொய் சொல்ல அவளுக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

"அவர்கிட்ட என்ன கேட்டீங்க?"

"கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டேங்க. எம் புள்ள மேல போட்ட கேச எடுத்துருங்கன்னு கேட்டேங்க. அவரும் வெத்தல எடுத்துக்கிட்டாருங்க ஐயா."

கடைசி வாக்கியத்தை அவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தாய் வாய் திறந்தாள், கெட்டது பிள்ளை.

பிரேமினி விடவில்லை. இது தோட்டத்து வழக்கம், மிரட்டலும் இல்லை லஞ்சமும் இல்லை, போனது தாயே தவிர சந்தேகநபர் இல்லை, அவர் அந்த நேரம் சிறையில் இருந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வாதாடினாள். நீதவான் பொறுமையாகக் கேட்டார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தாலாவது ஜீவராணி அவரை மனசுக்குள் திட்டித் தீர்த்திருப்பாள்.

அந்த அம்மாவின் மனசு விளங்குகிறது என்றார் நீதவான். ஆனால் முறைப்பாட்டுக்காரர் தலையில் தையலோடு இருக்கிறார், இன்னும் முழு வாக்குமூலம் கொடுக்கவில்லை. அதற்குள் சந்தேகநபரின் வீட்டார் பொருளோடு போய் வழக்கை வாபஸ் வாங்கக் கேட்டிருக்கிறார்கள். அதோடு இரண்டு குடும்பமும் ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இன்று சந்தேகநபரை விட்டால் அவர் போய் நிற்பது சாட்சிக்காரரின் வாசலில். பிணை மறுக்கப்படுகிறது, அடுத்த தவணை வரை விளக்கமறியல். அதற்குள் சந்தேகநபர் வேறு ஊரில் தங்க இடம் காட்டினால் திரும்பவும் யோசிக்கலாம்.

ஜீவராணிக்கு 'விளக்கமறியல்' என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை தெரியும். ஆனால் தன் கையாலேயே அதைப் பிடிப்போம் என்று எந்தத் தாய் நினைப்பாள்?

சிறைச்சாலை பஸ் கிளம்புவதற்கு முன் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கிஷாந்தைக் கொஞ்ச நேரம் பார்க்க விட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. தங்கச்சியைப் பார்த்து அழாதே என்று சைகை காட்டினான். அம்மாவை மட்டும் நேராகப் பார்த்தான்.

"நான் அடிக்கலன்னு பொலிசுல சொன்னேன். லோயர் மிஸ்கிட்ட சொன்னேன். ஒங்கிட்டயும் அன்னைக்கே சொன்னேனேம்மா."

"சொன்னப்பா."

"அப்புறம் எதுக்கு மன்னிப்புக் கேட்ட?"

ஊரே அவன்தான் என்றது. அடிபட்ட மனுஷனே அவன்தான் என்றது. மகன் இல்லை என்று சொன்னபோது அவள் தலையை ஆட்டினாள், ஆனால் பயத்தில் சொல்கிறான் என்றுதான் நினைத்தாள். அவனை அவள் நம்பவில்லை. நம்பாமலே அவனுக்காகக் காலில் விழுந்தாள். அது பாசம் என்று இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள், இப்போது அவன் முகத்தைப் பார்க்கிறபோது வெட்கமாக இருந்தது.

"நீயும் நான்தான் அடிச்சேன்னு நெனச்சிட்டல்ல" என்றான் கிஷாந்த். கோபமாகச் சொல்லவில்லை, அசதியாகச் சொன்னான். அதற்குள் பெயர் கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

பிரேமினி வாசலுக்கு வந்தபோது திட்டுவாள் என்று ஜீவராணி காத்திருந்தாள். அவள் திட்டவில்லை. முதலிலேயே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், என் மேலும் பிழை இருக்கிறது என்றாள். அடுத்த தவணைக்கு வேறு ஊரில் ஒரு விலாசம் வேண்டும் என்றாள். வட்டவளையில் அம்மாவின் தம்பி இருக்கிறார் என்று தனுஷிகா சொன்னாள். நல்லது, அவரிடம் பேசுங்கள் என்ற பிரேமினி, ஜீவராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே அவங்க வீட்டுப் பக்கம் போகவே கூடாதும்மா. பேசவும் கூடாது."

"ஒரே சுவருங்க மிஸ். தண்ணி புடிக்கிற பீலியும் ஒண்ணுதாங்க. காலையில கொழுந்து பறிக்க மலைக்குப் போனா மீனம்மா எனக்கு அடுத்த நெரையில நிப்பா."

"தெரியும்."

"அவளா வந்து பேசுனா?"

"பதில் சொல்லாதீங்க. தலையக்கூட ஆட்டாதீங்க. இன்னொரு போட்டோ வந்துச்சுன்னா அடுத்த தவணையும் போயிரும்."

பஸ் டிக்கோயா தாண்டிய பிறகுதான் தனுஷிகா, "யாரக் கேட்டும்மா போன?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். ஜீவராணி யாரையும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போவதற்கு யாரிடம் போய் அனுமதி கேட்பது? தோட்டத்தில் அது சண்டைக்கு முடிவு. கோர்ட்டில் அது குற்றத்துக்குச் சாட்சி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மர்சூக் நானா இறங்கும் இடத்தில் பசியாற ஒரு பாண் பொட்டலத்தைத் தனுஷிகாவின் மடியில் வைத்து, "யோசிக்காதீங்க தங்கச்சி, அடுத்த தவணைக்கும் நான் வருவேன்" என்று ஜீவராணியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் தனுஷிகா வட்டவளை மாமாவோடு பேச, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போய்விட்டாள். ஜீவராணி வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். மீனம்மா அங்கே நின்றாள். இவளைக் கண்டதும் தன் குடத்தை நகர்த்தி இடம் விட்டாள். இரண்டு பேரும் ஒரே நாளில் பேர் பதிந்து வேலைக்கு வந்தவர்கள். ஒருத்தி பிரசவத்துக்கு ஒருத்தி வெந்நீர் வைத்தவர்கள். ஜீவராணி வாளி நிரம்பும் வரை தண்ணீரையே பார்த்தாள். "அக்கா" என்று மீனம்மா கூப்பிட்டது காதில் விழுந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைச் சாத்திவிட்டாள். இத்தனை வருஷத்தில் மீனம்மா கூப்பிட்டு அவள் திரும்பாமல் வந்தது இதுதான் முதல் தடவை.

குழம்புச் சட்டி மூடியபடியே இருந்தது. அதைத் திறக்கவும் மனம் வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இப்போதுதான் வாய்விட்டு அழுதாள். மகன் உள்ளே இருப்பதற்காக அழுதாளா, அவன் கேட்ட கேள்விக்காக அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

பழைய லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. தகரத்துக்குக் கீழே ஒரு முழம் வெளி இருக்கும். இந்தப் பக்கத்து இருமல் அந்தப் பக்கத்துக்குக் கேட்கும். அந்த வெளி வழியாக மீனம்மாவின் குரல் வந்தது. சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்று, அடக்கிப் பேசினாள்.

"அக்கா, பிரதாப்ப நான் போட்டோ எடுக்கச் சொல்லலக்கா. பொலிசுக்கும் நான் சொல்லல. பிரதாப்பு இப்ப வீட்ல இல்ல, அதுனாலதான் பேசுறேன்."

ஜீவராணி அழுகையை நிறுத்தினாள்.

"அவருக்கு இப்பதான் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. அடி பின்னால இருந்து விழுந்துச்சாம். அந்த நேரம் கிஷாந்து அவருக்கு முன்னால நின்னு சட்டையப் புடிச்சிக்கிட்டு இருந்தானாம். ரெண்டு கையும் சட்டையிலதான் இருந்துச்சுங்கிறாரு. அடிச்சது ஒங்க புள்ள இல்லக்கா."

ஜீவராணி எழுந்துவிட்டாள். சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அப்படியானால் யார், அதைப் பொலிஸில் சொல்வாரா, எப்போது சொல்வார் என்று கேள்விகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தொண்டைக்கு வந்தன. ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையும் சாட்சிக்காரர் வீட்டோடு பேசிய வார்த்தையாகத்தான் போகும். நாளைக்கு முத்துலிங்கம் உண்மையைச் சொன்னாலும், ஜீவராணி சொல்லிக்கொடுத்துச் சொன்னது என்றுதான் தாளில் ஏறும். நேற்று நம்பாமல் போய்ப் பேசினாள். இன்று நம்புகிறாள், பேச முடியாது.

"அக்கா, கேக்குதா?"

எல்லாம் கேட்டது. கேட்கிறது என்று சொல்லத்தான் வழியில்லை. ஜீவராணி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அக்கா" என்று மீனம்மா மறுபடியும் கூப்பிட்டாள். இந்தப் பக்கமிருந்து பதில் வரவில்லை.